பிரிக்காத களிம்பு

பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிராக நின்று, ஓர் இழு இழுத்து உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு ஒருத்தி நின்ற இடத்திலேயே நிற்க, மற்றவள் நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அப்படியானால் நானும், ஒல்லி உடம்புக்காக நாங்கள் குச்சி என்று கூப்பிடுகிற என் மடிப்பு ஜோடியும் ஒரு நாளைக்கு நானூறு தடவை முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு பார்த்துக்கொள்வதில்லை. அதனால் அவள் வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது போல் நடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் சலவைக்கூடம் ஓட்டல்களுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் வெளுத்துக் கொடுக்கிறது. உள்ளே எந்த மாதமும் கோடைதான். சுழலும் மெஷின்கள் ஒரு பக்கம், உலர்த்தும் மெஷின்கள் ஒரு பக்கம், நடுவில் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிற ஸ்டீம் பிரஸ்கள். வெளியே அந்த வருஷக் குளிர் ஈரமே இல்லாத குளிர். வாசலைத் தாண்டினால் உதடு வெடிக்கும், சிரித்தால் ரத்தம் வரும். உள்சூட்டிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறி, வெளிக்காற்றில் காய்ந்து எங்கள் எல்லோருடைய கைகளும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. குச்சியின் கைதான் ரொம்ப மோசம். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் அவளைக் கறை எடுக்கிற பிரிவில் போட்டிருந்தார்கள். அங்கே தொடுகிற மருந்தெல்லாம் கறையோடு சேர்த்து ஆளையும் எடுத்துவிடும்.

போட்டது யார்? கீச்சக்காதான். கூடத்துக்கு மேற்பார்வை. குச்சியின் புருஷனுக்குக் கூடப்பிறந்த அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்து, இந்தக் கூடத்திலேயே சரக்கு வண்டி ஓட்டுகிற வேலையும் வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவள். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வீட்டில்தான் மூன்று பேரும் குடியிருந்தார்கள்.

கீச்சக்கா என்ற பெயர் நாங்கள் வைத்தது. அலசி முடிந்த துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அவள் ஒரு தேய் தேய்ப்பாள். வழவழவென்று நழுவினால் சோப்பு மிச்சம் இருக்கிறது, மறுபடி அலச வேண்டும். கீச் என்று சத்தம் வந்தால் சுத்தம். முப்பது வருஷமாக அந்த இரண்டு விரலுக்கு மேல் இந்தக் கூடத்தில் அப்பீல் கிடையாது. நான் மடித்த நாற்பது விரிப்புகளை ஒரு நாள் கலைத்துப் போட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மறுபடி மடிக்க வைத்தாள். ஓரம் ஒரு விரலளவு தள்ளியிருந்ததாம். அதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

குச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். கிழிசல் தைக்கிற அறையில், சக்கரம் வைத்த துணிக்கூடை ஒன்றில் பழைய துண்டுகளை மெத்தையாகப் போட்டுப் பாப்பாவைப் படுக்க வைத்திருந்தோம். தையல்காரம்மா வலது காலால் மெஷினை மிதித்து, இடது காலால் கூடையை ஆட்டுவாள். பால் கொடுக்கிற நேரத்துக்குக் குச்சி போய்வருவாள், நான் அதுவரை தலையணை உறைகளை மடிப்பேன். அது ஒற்றை ஆள் வேலை.

ஆனால் பாப்பாவைக் குளிப்பாட்டுகிற உரிமை மட்டும் பெற்றவளுக்கு இல்லை. காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, கீச்சக்காதான் குளிப்பாட்டுவாள். ஆவி பறக்கிற தண்ணீர், வாசனை சோப்பு, தேய்க்க ஒரு துணி. முடிந்ததும் குழந்தையின் தொடையில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பார்ப்பாளாம். கீச் என்றால்தான் துவட்டிப் பவுடர் போடுவாள். அதை அவளே டீ நேரத்தில் எங்களிடம் பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கு யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. எங்களுக்குச் சுத்தத்துக்கு வேறு அடையாளம் தெரியாது.

குளிர் வந்ததும் பாப்பாவின் கன்னம் முதலில் சிவந்தது. பிறகு கணுக்காலில் செதில் செதிலாக உரிந்தது. முழங்கை மடிப்பில் தோல் தடித்துக் கோடு கோடாகப் பிளந்தது. பால் குடிக்கும்போதே தலையைத் திருப்பித் திருப்பிக் கன்னத்தைக் குச்சியின் சட்டையில் தேய்த்துக்கொண்டு அழும். அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் தோல் உரிகிறது என்று கீச்சக்கா இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்தாள். உரிந்தது கூடியது.

எங்கள் கூடத்தில் மாதத்துக்கு ஒரு நாள், நடு மாதத்தில், இரண்டு ஷிப்டும் நாலு மணிக்கு ஒன்றாகக் கூடும். முதலாளி கணக்கில் டீயும் பன்னும் வரும். குறைகளைச் சொல்லலாம் என்பார்கள், யாரும் சொல்ல மாட்டோம். அப்படி ஒரு கூட்டத்தில்தான் அது நடந்தது. குழந்தைக்கு என்ன ஆச்சு, இப்படிச் சிவந்து கிடக்கிறதே என்று ராத்திரி ஷிப்டுப் பெண் ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாள். கீச்சக்கா பன்னைக் கீழே வைத்தாள். குச்சியின் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் தூக்கினாள். மேஜையிலிருந்து ஓட்டல்காரன் பட்டுத் தலையணை உறை ஒன்றை எடுத்து அந்த உள்ளங்கையின் மேல் மெதுவாக இழுத்தாள். இஸ்திரிப் பலகையில் சொரசொரப்பு இருக்கிறதா என்று நாங்கள் சோதிக்கிற மாதிரி. இரண்டு இடத்தில் நூல் மாட்டி இழுபட்டது.

"பார்த்தீங்களா? பட்டே மாட்டுது. இந்தக் கையாலதான் பச்சைப் பிள்ளையைத் தொடுறா. நான் எவ்வளவு சுத்தமா குளிப்பாட்டி என்ன பிரயோஜனம்?"

அறுபது பேர் டீ டம்ளரோடு நின்றோம். குச்சியின் புருஷன் கதவோரம் நின்று தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். கீச்சக்கா இழுப்பறையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடி எடுத்தாள். முதல்தர ஓட்டல் துணிகளைப் பார்வையிடும்போது கறை படாமல் இருக்க நாங்கள் போடுவது. இனிமேல் பிள்ளையைத் தூக்கினாலும் பால் கொடுத்தாலும் இதைப் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று குச்சியின் கையில் திணித்தாள்.

குச்சி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மறுநாள் விரிப்பை உதறும்போது, ஒவ்வொரு தடவையும் எதிர்முனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி உதறினாள்.

"வீட்லயும் போட்டுக்கிறியா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கிறேன். போடலன்னா பிள்ளையைக் கையில தர மாட்டேங்குறாங்க."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அக்கா நல்லதுக்குத்தான் சொல்லுவாங்களாம்." அவள் நடந்து வந்து முனைகளை என் கையில் சேர்த்தாள். முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. "பாப்பா என் விரலைப் பிடிச்சுக்குவா தெரியுமா? இப்ப துணியைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறா. யாரோன்னு நினைக்கிறா. இதுக்கு நான் பதில் சொல்லாம விட மாட்டேன்டி. அதே கூட்டத்துல, அதே அறுபது பேர் முன்னால."

எனக்கு அதைக் கேட்க நெஞ்சு குளிர்ந்தது. ஒளிப்பானேன்?

மூன்று வாரம் கையுறையோடு போயிற்று. எங்களுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் கீச்சக்கா ஏதோ மெஷின் ரிப்பேர் என்று கூடத்துக்குப் போய்விட, நானும் குச்சியும் பாப்பாவைச் சால்வையில் சுற்றிக்கொண்டு பிள்ளை ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். மூன்றாம் நம்பர் அறையில் ஒரு நர்ஸம்மா. தாட்டியான உடம்பு, அவசரமே இல்லாத கை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகப் பார்த்து, எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். குச்சி சொன்னாள். சுடுதண்ணீர், சோப்பு, துணி, இரண்டு வேளை, கடைசியில் இரண்டு விரல்.

"கீச்சுன்னு சத்தம் வர்ற வரைக்குமா?" நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்மா, இது பிள்ளையா, பீங்கான் தட்டா? தோல் மேல ஒரு எண்ணெய்ப்பசை இருக்கும். அதுதான் ஈரத்தை உள்ளே பிடிச்சு வச்சிருக்கும். சத்தம் வருதுன்னா அது மொத்தமும் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் இந்தக் குளிர்ல தோல் காயாம என்ன செய்யும்?"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், ஒரு நாள் விட்டால்கூடக் குடி முழுகிவிடாது. தண்ணீர் முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். சோப்பு இப்போதைக்கு வேண்டாம், பவுடர் வேண்டவே வேண்டாம். தேய்த்துத் துவட்டாமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். வாசனை இல்லாத, கெட்டியான களிம்பு ஒரு டியூப் கொடுத்தாள். வெடிப்பிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்றாள்.

குச்சி கையுறையைக் கழற்றித் தன் கையை நீட்டினாள். "இதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க."

நர்ஸம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கும் இதே களிம்புதான். பூசிக்கிட்டு நீங்களே பிள்ளைக்குத் தடவுங்க. அம்மா கை பட்டு எந்தப் பிள்ளைக்கும் தோல் உரியாது."

"அதை எழுதித் தர்றீங்களா?"

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே சீட்டில் எல்லாவற்றையும் எழுதி, கடைசி வரியாக அதையும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் குச்சி ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு விட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் முழுக்கத் தெரிந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை.

"அவங்க கைதான்," என்றாள். "என் கை இல்ல. அவங்க அந்த ரெண்டு விரல்."

அங்கேயே, தெருவிலேயே, கணக்குப் போட்டோம். அடுத்த திங்கட்கிழமை கூட்டம். இன்னும் ஆறு நாள். இன்றைக்கு வீட்டில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? கீச்சக்கா, சரி என்று சொல்லி மூடி மறைத்துவிடுவாள். நாலு சுவருக்குள் முடிந்துவிடும். அறுபது பேர் முன்னால் தூக்கிப் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். திங்கட்கிழமை சீட்டை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். படிப்பது யார் என்பதையும் அவளே முடிவு செய்தாள். டீயைப் பார்த்துக்கொண்டு நின்றானே, அவன்.

"அவர் வாயாலயே வரட்டும்," என்றாள். நான் தலையாட்டினேன்.

அவனுக்கு வாய்விட்டுப் படிப்பது பழக்கம்தான். ஒரு தடவை முந்தின நாள் சீட்டை வைத்துக்கொண்டு ஓட்டல் விரிப்புகளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து அக்காவின் உத்தரவு: எந்தச் சீட்டானாலும் கூடத்து வாசலில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். முதலில் தேதி, பிறகு இடம், பிறகு சரக்கு. அவன் காலையும் மாலையும் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல் ஒப்பிப்பான். நாங்கள் அவன் குரலை எடுத்துக் கேலி செய்வோம்.

ஒன்று மட்டும் அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் மடிக்கும்போதுதான் தெரிந்தது. குச்சியின் ஏப்ரன் பையில் டியூப் துருத்திக்கொண்டிருந்தது. பூசினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பூசினால் ஆறு நாளில் பாதி ஆறிவிடும். தன் குளியலில் ஆறிவிட்டது, கையுறை போட வைத்ததால் ஆறிவிட்டது என்று கீச்சக்கா மார்தட்டுவாள். பிள்ளையின் உடம்புதான் சாட்சி, சாட்சி கலைந்துவிடக் கூடாது. இதை அவள் விரிப்பின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. ஆனால் என் நாற்பது விரிப்புகள் ஞாபகம் வந்தன, வாயை மூடிக்கொண்டேன்.

புதன், வியாழன், வெள்ளி. காற்று இன்னும் காய்ந்தது. தெருக்குழாயில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல் இருந்தது. காலையில் கீச்சக்கா வரும்போதே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு எப்படித் தேய்த்தேன் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே வருவாள். குழந்தையின் அழுகை மாறிவிட்டிருந்தது. முன்பு வீறிட்டு அழும். இப்போது தொடர்ந்து முனகியது. தையல்காரம்மா இரண்டு காலாலும் கூடையை ஆட்ட ஆரம்பித்ததில் கிழிசல் துணி குவிந்தது. ஒவ்வொரு தடவை அந்த முனகல் கேட்கும்போதும் குச்சியின் கை ஏப்ரன் பையைத் தொட்டுவிட்டு விரிப்புக்குத் திரும்பும். அவள் மதியம் சாப்பிடுகிற ரொட்டியும் அவித்த முட்டையும் அப்படியே திரும்பிப் போயின.

சனிக்கிழமை காலை அவள் வந்ததும் விரிப்பைத் தொடவில்லை. ஒற்றைக் கையுறையை என் முன்னால் நீட்டினாள். விரல் நுனியில் ரத்தம், நூல் அளவு.

"முழங்கை மடிப்பு பிளந்துடுச்சு. இன்னைக்கு சாயங்காலமே சொல்லிடப் போறேன். என்னால முடியலடி."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"மஞ்சத் தண்ணி வந்துச்சா?" என்றேன்.

"இல்ல. ரத்தம்தான்."

"நர்ஸம்மா மஞ்சத் தண்ணி வந்தாத்தான் ஓடி வரச் சொன்னாங்க. இவ்வளவு பொறுத்துட்டே. இப்பப் போய் வீட்ல சொன்னா எல்லாம் வீண். கிளவுஸ் உனக்குக் காலத்துக்கும் நிலைச்சுடும். ரெண்டு நாள் பொறு. ரெண்டே நாள்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விரிப்பின் முனைகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நாங்கள் மடிக்க ஆரம்பித்தோம்.

திங்கட்கிழமை நாலு மணி. டீ வந்தது, பன் வந்தது, ராத்திரி ஷிப்டுக்காரர்கள் குளிரில் மூக்கு சிவந்து உள்ளே வந்து பிரஸ்களுக்குப் பக்கத்தில் கை காய்ச்சினார்கள். குச்சி தையலறைக்குள் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெறுங்கை. கூடத்து நடுவில் இருந்த மடிப்பு மேஜை மேல் வெள்ளை விரிப்பில் குழந்தையைக் கிடத்தி, சட்டையைக் கழற்றினாள். வெளிச்சத்தில்தான் நானே அதை முழுசாகப் பார்த்தேன். மார்பு, தொடை, கழுத்து எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து செதில் பூத்துக் கிடந்தது.

"கையுறை எங்கே?" என்றாள் கீச்சக்கா.

குச்சி அதைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "இதை நீங்க போட்டுக்கங்க அண்ணி. போன மாசம் இதே இடத்துல என் கையைத் தூக்கிக் காட்டினீங்க. இன்னைக்கு எல்லாரும் இன்னொண்ணும் கேட்டுட்டுப் போகட்டும்." சீட்டைப் புருஷனிடம் நீட்டினாள். "படிங்க. நல்லா எல்லாருக்கும் கேட்குற மாதிரி, சரக்குச் சீட்டு படிக்கிற மாதிரி படிங்க."

அவன் அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், சீட்டைப் பிரித்தான். பழகின வாய், பழகினபடியே ஆரம்பித்தது.

"தேதி ஒன்பது, செவ்வாய்க்கிழமை. இடம், பிள்ளை ஆஸ்பத்திரி, அறை எண் மூணு. தோல் வறட்சி. காரணம், அதிகச் சூடான தண்ணி, அதிக சோப்பு, அழுத்தித் தேய்க்கிறது." அவன் குரல் இறங்கியது. சத்தமா என்றாள் குச்சி. அவன் படித்தான். ஒரு வேளைக் குளியல், வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிஷம், பவுடர் கூடாது, ஈரத்தோடு களிம்பு. கடைசி வரியும் வந்தது. "தாய் கை பட்டுத் தோல் உரியாது, தாய் கையாலேயே தடவலாம். கையுறை தேவையில்லை."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராத்திரி ஷிப்டுக்காரி ஒருத்தி வாய்விட்டே சிரித்தாள். கீச்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வலது கையை உயர்த்தி அந்த இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷ அதிகாரம் கண் முன்னால் சரிகிறதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தம். பன்னைக் கூடக் கடிக்க மறந்துவிட்டேன்.

பிறகு அவள் தம்பி பக்கம் திரும்பினாள். குரல் மெல்லியதாக வந்தது.

"தேதி என்னன்னு படிச்சே?"

"ஒன்பது."

"இன்னைக்கு பதினஞ்சு." அவள் குச்சியிடம் வந்தாள். "களிம்பு குடுத்தாங்களா?"

குச்சியின் கை பழக்கத்தில் ஏப்ரன் பைக்குப் போனது. கீச்சக்கா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லாமல் டியூப் வெளியே வந்தது. கீச்சக்கா மூடியைத் திருகிப் பார்த்தாள். வாயில் ஒட்டியிருந்த தாள் கிழியாமல் அப்படியே பளபளத்தது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தடவை குளிப்பாட்டினேன்," என்றாள். "புதன் ரெண்டு. வியாழன் ரெண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு. இன்னைக்குக் காலைல ஒண்ணு. பன்னெண்டு தடவை. பன்னெண்டு தடவையும் நீ பக்கத்துல நின்னு துண்டு பிடிச்சிருந்தே."

குச்சி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தெரியாம தேய்ச்சேன். நீ தெரிஞ்சு தேய்க்க விட்டே."

பிரஸ் ஒன்று பெருமூச்சு விட்டது. பாப்பா கையை உதறியது. முழங்கை மடிப்பு விரிந்தது. வெள்ளை விரிப்பில் ஒரு சின்ன ஈரம் படிந்தது. மஞ்சள்.

அதை முதலில் பார்த்தது நான்தான். ஆனால் சத்தம் போட்டது குச்சி. அப்படி ஒரு சத்தத்தை அந்த மெஷின்கள் நடுவிலும் நான் கேட்டதில்லை. "வண்டியை எடு" என்றாள் கீச்சக்கா தம்பியிடம். விரிப்போடு குழந்தையை வாரிக் குச்சியின் வெறுங்கைகளில் கொடுத்து, அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினாள். சரக்கு வண்டியின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஆறின டீயோடு நின்றோம். கையுறைகள் மேஜை மேலேயே கிடந்தன.

குழந்தையை நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெடிப்பில் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. தையல்காரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நர்ஸம்மா குச்சியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாளாம். அப்போது கீச்சக்கா முன்னால் வந்து, குளிப்பாட்டினது நான், என்னைக் கேளுங்கள் என்றாளாம். இப்போது ஒருத்தி வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்க்க, மற்றவள் ஒற்றி எடுத்துக் களிம்பு பூசுகிறாளாம். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையாம். ஆனால் கை மாறி மாறி வேலை நடக்கிறதாம். எனக்கு எரிந்தது. அவமானப்பட்டவளுக்காக நான் துணை நின்றேன், கடைசியில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரு பக்கமா?

அடுத்த வாரம் குச்சி வேலைக்கு வந்தாள். நான் வழக்கம் போல் விரிப்பை எடுத்து இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. கீச்சக்கா வந்தாள். என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே உனக்குத் தலையணை உறை," என்றாள். "ரெண்டு நாள் பொறுன்னு சொன்னவ நீதானாமே?"

குச்சி சொல்லியிருக்கிறாள். ஆறு நாளில் நாலு நாள் அவளுடையது, அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மிச்சம் இரண்டு நாளை என் தலையில் சரியாக வைத்துவிட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? அவள் கேட்டாள், நான் சொன்னேன். அவள் பிள்ளை, அவள் பையில் களிம்பு. இதை அன்றைக்கே அவள் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் போனேன். பக்கத்தில் போனதும் வாயில் வந்தது வேறு.

"பாப்பா எப்படி இருக்கா?"

அந்தப் பக்கம் கீச்சக்கா, இந்தப் பக்கம் குச்சி. நடுவில் விரிப்பு இழுபட்டு நின்றது. குச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு நாள் பொறு. சொல்றேன்."

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கீச்சக்கா இப்போது துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பதில்லை, அலசல் மெஷின் நின்றால் சரி என்று விட்டுவிடுகிறாள். சாயங்காலங்களில் வாசலில் அவர்களுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண் குழந்தையை நான் கடந்து போகிறேன். சட்டைக் கை நீளமாக இருப்பதால் முழங்கை மடிப்பு எனக்குத் தெரிவதில்லை. தலையணை உறை மடிக்க ஒரு ஆள் போதும். ஒரு நாளைக்கு அறுநூறு உறை மடிக்கிறேன். குச்சி இன்னும் சொல்லவில்லை.